ஸ்பானிஷில் இறந்தகாலம் சிக்கும்போது: எந்தக் கோளாறு, எங்கே பார்ப்பது

ஸ்பானிஷ் தொடங்கிச் சில வாரங்களில் நிகழ்காலம் கைக்கு வந்துவிடும். அடுத்த தடுக்கல், "காலையில் என்ன செய்தீர்கள்?" என்று யாராவது கேட்கும் நேரத்தில் வரும். பாடப்புத்தகம் அங்கே ஒரு பெரிய அட்டவணையை நீட்டும். அதை இப்போதைக்கு மூடி வைத்துவிடலாம். தொடக்க நிலைக்கு ஒரே ஒரு கருவி போதும்: 'அபேர்' என்ற துணைவினையின் ஆறு வடிவம், பின்னால் முடிந்த வினைச்சொல். கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கருவியைப் பிடிக்கும் விதத்தில் வருபவை.

கருவி இதுதான். நான் – எ. நீ – அஸ். அவர், அது, மரியாதையான 'நீங்கள்' – அ. நாங்கள் – ஏமொஸ். ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்' – அபேய்ஸ். அவர்கள், மரியாதைப் பன்மை – அன். லத்தீன் அமெரிக்காவில் அபேய்ஸ் புழக்கத்தில் இல்லை. அங்கே போகிறவர்களுக்கு ஐந்தே வடிவம். பின்னால் வரும் சொல்லுக்கு, 'ஆர்' என்று முடியும் வினையில் அந்த ஆரை எடுத்துவிட்டு 'ஆதொ', 'ஏர்', 'ஈர்' என்று முடிவதில் 'ஈதொ'. அப்லார் (பேசு) → எ அப்லாதொ. கொமேர் (சாப்பிடு) → எ கொமீதொ. விவீர் (வாழ்) → எ விவீதொ.

எழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு: இங்கே நெடில் வரும் இடத்தில்தான் அழுத்தம். சொல்லின் நடுவில் ஒற்றைத் 'த' வந்தால் 'அது' என்பதில் வருகிற மெல்லிய ஒலி. ஸ்பானிஷ்காரர் இரண்டு உயிருக்கு நடுவே சொல்வதும் ஏறக்குறைய அதேதான்; தமிழருக்கு இது இலவச வரவு. 'த்த' என்று எழுதியிருந்தால் 'பத்து' போல வல்லினம். 'வ' வரும் இடத்தில் உதட்டை லேசாகச் சேர்த்து, 'வ'வுக்கும் மெல்லிய 'ப'வுக்கும் நடுவில் சொல்லுங்கள்.

## அறிகுறி: 'எ' சொல்லிவிட்டு அடுத்த சொல் வராமல் நின்றுவிடுகிறது

முதலில் பார்க்க வேண்டியது, அது விதிக்கு அடங்காத சொல்லா என்று. 'செய்தேன்' என்று சொல்ல அசேர் என்ற வினையை எடுத்து 'அசீதொ' என்று கட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ இடிக்கிறதே என்று நிற்பது வழக்கம். சரியான வடிவம் ஏச்சொ. இப்படி முரண்டு பிடிப்பவை கொஞ்சம்தான், ஆனால் அன்றாடம் தேவைப்படுபவை:

அசேர் (செய்) – ஏச்சொ
தெசீர் (சொல்) – தீச்சொ
வேர் (பார்) – வீஸ்தொ
எஸ்க்ரிபீர் (எழுது) – எஸ்க்ரீத்தொ
பொனேர் (வை) – புவேஸ்தொ
வொல்வேர் (திரும்பு) – வுவேல்த்தொ
அப்ரீர் (திற) – அபியேர்த்தொ
ரொம்பேர் (உடை) – ரோத்தொ
மொரீர் (இற) – முவேர்த்தொ

இவற்றை வினையோடு சேர்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். 'எ ஏச்சொ', 'எ தீச்சொ', 'எ வீஸ்தொ' என்று துணைவினையோடு ஒட்டியே வாயில் ஏற்றுங்கள். பேசும்போது அப்படித்தான் தேவைப்படும். முன்னொட்டு சேர்ந்தாலும் வடிவம் மாறாது: திருப்பிக் கொடு என்ற தெவொல்வேர், தெவுவேல்த்தொ ஆகும். மற்றபடி எந்த வினையிலாவது சந்தேகம் வந்தால், ஸ்பானிஷ் அரச அகாதமியின் இணைய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். வடிவ அட்டவணை முழுவதும் காசில்லாமல் கிடைக்கும்.

பட்டியலில் இல்லாத சொல்லுக்கும் நின்றால், பெரும்பாலும் அது சின்ன வினை. ஈர் (போ) வெறும் ஈதொ ஆகும். சேர் (இரு, தன்மை) சீதொ. எஸ்தார் (இரு, இடமும் நிலையும்) எஸ்தாதொ. இவை விதிப்படிதான் நடக்கின்றன. சொல் ரொம்பச் சின்னதாக இருப்பதால் ஏதோ விட்டுப்போன மாதிரித் தோன்றும், அவ்வளவுதான்.

அப்படியும் வரவில்லையா? மாற்று வழி ஒன்று உண்டு: 'அக்காபொ தெ' என்று சொல்லி, வினையை உள்ளபடியே வையுங்கள். அக்காபொ தெ கொமேர் – இப்போதுதான் சாப்பிட்டேன். அக்காபொ தெ வேர் – இப்போதுதான் பார்த்தேன். வினையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆளுக்குத் தக்கபடி அக்காபொ, அக்காபஸ், அக்காப, அக்கபாமொஸ், அக்காபன் போன்ற வழக்கமான நிகழ்கால முடிவுகள் போதும். சற்று முன் நடந்ததற்கு மட்டுமே இது செல்லும். போன வாரத்துக்கு இழுக்காதீர்கள்.

## அறிகுறி: இலக்கணம் சரி என்று நினைக்கிறீர்கள், எதிரில் இருப்பவர் புருவத்தைச் சுருக்குகிறார்

துணைவினை மாறிப்போயிருக்கும். எதைப் போட்டீர்கள் என்று பாருங்கள்.

'எஸ்தோய்' போட்டிருந்தால்: தமிழ் வழியாக வந்த கோளாறு. 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பதில் 'இருக்கிறேன்' கேட்கிறது, எனவே 'இரு' என்ற பொருளுள்ள எஸ்தார் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதில் தொல்லை என்னவென்றால், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். 'உட்கார்ந்திருக்கிறேன்' என்பது எஸ்தோய் சென்த்தாதொ, 'களைத்திருக்கிறேன்' என்பது எஸ்தோய் கன்சாதொ. இரண்டும் பிழையில்லாத ஸ்பானிஷ். ஆனால் 'பேசியிருக்கிறேன்' என்பதற்கு 'எஸ்தோய் அப்லாதொ' என்றால் ஒன்றும் புரியாது. சோதனை எளிது: உங்கள் தமிழ் வாக்கியம் "எப்படி இருக்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதிலா, "என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதிலா? முதலாவது என்றால் எஸ்தார். இரண்டாவது என்றால் அபேர்.

'தேங்கொ' போட்டிருந்தால்: ஆங்கிலம் வழியாக வந்தது. தேங்கொ என்பது கையில் உடைமையாக வைத்திருப்பது. பேனாவுக்கும் பணத்துக்கும் அது. நடந்த செயலுக்கு எ.

'சோய் ஈதொ' என்று சொல்லியிருந்தால்: முன்பே பிரெஞ்சு படித்தவர் நீங்கள். அங்கே போதல், வருதல் வினைகளுக்குத் துணைவினை மாறும். ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் அபேர் ஒன்றுதான்: எ ஈதொ.

## அறிகுறி: சொற்கள் எல்லாம் சரி, வரிசை மட்டும் திருத்தப்படுகிறது

அபேருக்கும் அதன் பின்வரும் சொல்லுக்கும் நடுவில் எதையும் நுழைக்கக் கூடாது. 'இல்லை' நுழையாது, 'ஏற்கெனவே' நுழையாது, 'அதை' நுழையாது. எல்லாம் முன்னால் போய் நிற்கும்.

நோ எ கொமீதொ – சாப்பிடவில்லை.
யா எ கொமீதொ – ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று.
நோ லொ எ வீஸ்தொ – அதைப் பார்க்கவில்லை.
மெ எ லெவன்த்தாதொ – எழுந்தேன்.

கேள்வியில் எழுவாயைச் சொருகும் ஆங்கிலப் பழக்கமும் இங்கே உதவாது. "மரீயா சாப்பிட்டாளா?" என்பது 'அ கொமீதொ மரீயா?' அல்லது 'மரீயா அ கொமீதொ?' ஆகலாம், 'அ மரீயா கொமீதொ' ஆகாது.

## அறிகுறி: பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது கடைசி எழுத்து 'அ' ஆகிவிடுகிறது

'மரீயா அ யெகாத' என்று வந்தால் அதைத் திருத்த வேண்டும். அபேரோடு சேர்ந்தால் சொல் உறைந்துவிடும். ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் 'ஒ'வில்தான் முடியும்: மரீயா அ யெகாதொ (வந்து சேர்ந்தாள்). அதே வகைச் சொல் எஸ்தாரோடு சேர்ந்தால் மட்டும் ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்ப வளையும். 'கதவைத் திறந்தேன்' – எ அபியேர்த்தொ ல புவேர்த்த. 'கதவு திறந்திருக்கிறது' – ல புவேர்த்த எஸ்தா அபியேர்த்த. மேலே சொன்ன அதே இரண்டு கேள்விச் சோதனை இங்கேயும் செல்லும்.

## அறிகுறி: 'பிடித்தது' என்று சொன்னால் மட்டும் பிழை வருகிறது

"எனக்குப் பிடித்தது" என்ற அமைப்பு ஸ்பானிஷிலும் அப்படியே உண்டு என்பதால் தமிழருக்கு இது சுலபம்: மெ அ குஸ்தாதொ ல கொமீத, சாப்பாடு பிடித்தது. பிழை பன்மையில் வரும். பேச்சில் "படமெல்லாம் பிடிச்சுது" என்று ஒருமையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். 'பிடித்தன' என்று யார் சொல்கிறார்கள்? ஸ்பானிஷ் அதை விடாது. பிடித்த பொருள் பலவானால் 'அ' போய் 'அன்' வர வேண்டும்: மெ அன் குஸ்தாதொ லஸ் பெலீக்குலஸ். குஸ்தாதொ மாறாமல் நிற்பதையும் கவனியுங்கள். எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதற்கு இங்கே வேலையில்லை. எத்தனை பொருள் என்பதை எண்ணுங்கள்.

## அறிகுறி: 'நேற்று' என்று தொடங்கியதும் திருத்துகிறார்கள்

அயேர் (நேற்று), அனோச்செ (நேற்றிரவு), ல செமான பசாத (போன வாரம்), ஆசெ தோஸ் ஆஞொஸ் (2 வருடத்துக்கு முன்) என்று முடிந்துபோன காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால், நம் கருவி பொருந்தாது. ஓய் (இன்று), ஏஸ்த மஞான (இன்று காலை), ஏஸ்த செமான (இந்த வாரம்), யா, தொதவீய நோ (இன்னும் இல்லை), நூன்க (ஒருபோதும் இல்லை) ஆகியவற்றோடு ஸ்பெயினின் பெரும்பகுதியில் அது கச்சிதமாக உட்காரும்.

இதை மூன்று விதமாகச் சரிசெய்யலாம். செலவு குறைந்ததிலிருந்து பார்ப்போம்.

காலச்சொல்லை எடுத்துவிடுவது முதல் வழி. "நேற்று அந்தப் படத்தைப் பார்த்தேன்" என்பதற்குப் பதில் "அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னாலே பல நேரம் பேச்சு ஓடிவிடும்: யா எ வீஸ்தொ ல பெலீக்குல. ஏமாற்று வேலை மாதிரி இருந்தாலும் முதல் சில மாதம் இது நன்றாகவே ஓடும்.

அப்படியே விட்டுவிடுவது இரண்டாவது. 'அயேர் எ கொமீதொ' என்றால் காதுக்கு இடறும், ஆனால் பொருள் முழுதாகப் போய்ச் சேரும். கடையிலும் பேருந்திலும் இதற்காக யாரும் உங்களை நிறுத்தப் போவதில்லை.

மூன்றாவதாக, எளிய இறந்தகாலத்தில் கொஞ்சம் மட்டும் கடன் வாங்குவது. முழு அட்டவணை வேண்டாம். 'நான்', 'அவர்' இரண்டுக்கும் மட்டும், அதிகம் தேவைப்படும் வினைகளில்: ஃபுவீ – போனேன், ஃபுவே – போனார். ஈசெ – செய்தேன், ஈசொ – செய்தார். வீ – பார்த்தேன், வியோ – பார்த்தார். தூவெ, தூவொ – என்னிடம் இருந்தது, அவரிடம் இருந்தது. எஸ்தூவெ, எஸ்தூவொ – ஓரிடத்தில் இருந்தேன், இருந்தார். விதிப்படி நடப்பவற்றில் ஆர் வினைக்கு ஏ, ஓ: அப்லே, அப்லோ. ஏர், ஈர் வினைகளுக்கு ஈ, இயோ: கொமீ, கொமியோ.

எந்த நாட்டுக்காரரோடு பேசுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். மெக்சிகோவிலும் லத்தீன் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் இன்று நடந்ததற்கும் எளிய வடிவமே வழக்கம். "சாப்பிட்டாயா?" என்று மெக்சிகோவில் கேட்டால் 'யா கொமீஸ்தெ?' என்றுதான் காதில் விழும். ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் எளிய வடிவத்தின் பக்கம். உங்கள் பேச்சுத்துணை மெக்சிகோக்காரர் என்றால் மேலே உள்ள கடன் பட்டியலை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நம் கருவி வீணாகாது; "பெருவுக்குப் போனதே இல்லை" என்பது நூன்க எ ஈதொ அ பெரூ. அனுபவத்தைச் சொல்ல அதுவே அங்கும் வழி.

## அறிகுறி: 'அவர் பேசினார்' என்று சொன்னால் 'நான் பேசுகிறேன்' என்று புரிந்துகொள்கிறார்கள்

அழுத்தம் முதல் அசையில் விழுந்துவிட்டது. ஆப்லொ – பேசுகிறேன். அப்லோ – பேசினார். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் காது இதைத் தானாகப் பிடிக்காது. கடைசி அசையை வேண்டுமென்றே நீட்டி, கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள், மிகைப்படுத்தினாலும் கெடுதியில்லை. கைபேசியில் இரண்டையும் பதிவு செய்து, மறுநாள் எது எதுவென்று உங்களுக்கே தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிரித்தறிய முடியவில்லை என்றால் தனியாக முட்டிக்கொள்ள வேண்டாம். ஓர் ஆசிரியரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். ஒலிப்பில் வெளியிலிருந்து ஒரு காது கேட்டாக வேண்டும்.

ஈசொ, தூவொ, எஸ்தூவொ இவற்றில் மட்டும் அழுத்தம் கடைசிக்குப் போகாது. இவற்றையும் நீட்டினால் அது புதிய பிழை.

## அறிகுறி: கதை சொன்னால் தந்தி அடித்த மாதிரி இருக்கிறது

பசித்தது, மழை பெய்துகொண்டிருந்தது, சின்ன வயசு, வீடு பெரிதாக இருந்தது. இந்தப் பின்னணியெல்லாம் 'எ' கருவியில் அடங்காது. தொடர்-இறந்தகாலம் வேண்டும். இருப்பதிலேயே ஒழுங்கான வடிவம் இதுதான்: ஆர் வினைக்கு 'ஆப', மற்றவற்றுக்கு 'ஈய'. விதி மீறுபவை மூன்றே மூன்று: சேர் – ஏர, ஈர் – ஈப, வேர் – வெயீய. தெனீய ஆம்ப்ரெ – பசித்தது. ஏர க்ராந்தெ – பெரிதாக இருந்தது.

எங்கே போடுவது என்று தமிழைக் கேட்டால் பாதி வழி அதுவே காட்டிவிடும். 'கொண்டிருந்தேன்' வருகிற இடமெல்லாம் இது வரும். குறுக்கே வந்து விழுந்த நிகழ்ச்சிக்கு எளிய வடிவம். "படித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது": எஸ்தாப லெயேந்தொ, சொனோ எல் தெலேஃபொனொ.

மீதிப் பாதியில் தமிழ் காலை வாரும். "சின்ன வயசில் தினமும் ஆற்றில் குளிப்போம்" என்று பழைய வழக்கத்தை நாம் எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். அதை அப்படியே ஸ்பானிஷ் எதிர்காலத்தில் போட்டால் இனிமேல்தான் குளிக்கப் போகிறீர்கள் என்று ஆகிவிடும். 'அப்போதெல்லாம்' என்ற சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தினால் தொடர்-இறந்தகாலம்: நொஸ் பஞாபமொஸ் என் எல் ரீயொ.

## அறிகுறி: பேசும்போது சரி, எழுதினால் சிவப்புக் கோடு

ஊமை எழுத்தான 'ஆச்செ' (h) விடுபட்டிருக்கும். அது ஒலிப்பதே இல்லை என்பதால் ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் தவறுவார்கள். 'அ'வுக்குப் பின்னால் ஆதொ, ஈதொ வகைச் சொல் வந்தால் அந்த 'அ'வுக்கு முன் ஆச்செ வேண்டும். 'வா அ கொமேர்' (சாப்பிடப் போகிறார்) போல மாறாத வினை வந்தால் வேண்டாம். ஏச்சொவிலும் ஆச்செ உண்டு. அது இல்லாமல் எழுதினால் 'எறிகிறேன், ஊற்றுகிறேன்' என்ற வேறு சொல். அடுத்து, லெயேர் (வாசி), கயேர் (விழு), த்ரயேர் (கொண்டுவா) போன்றவை லெயீதொ, கயீதொ, த்ரயீதொ ஆகும்போது 'ஈ'யின் தலையில் சாய்கோடு கட்டாயம்.

## அறிகுறி: அவர்கள் பேசுவதில் 'ஆதொ' காதிலேயே விழவில்லை

கோளாறு உங்கள் காதில் இல்லை. ஸ்பெயினில் சாதாரணப் பேச்சில் 'ஆதொ' தேய்ந்து 'ஆஒ' ஆகிவிடும்: எ அப்லாஒ, எஸ்தோய் கன்சாஒ. 'ஈதொ' பொதுவாக அந்த அளவுக்குத் தேயாது. இன்னொன்று, 'அ அப்லாதொ' என்பதில் இரண்டு 'அ'வும் ஒட்டி ஒன்றாகக் கேட்கும். துணைவினையைத் தேடாமல் வாலைத் தேடுங்கள். ஆஒ என்று முடிந்தால் நடந்து முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்பதோடு நிறுத்துங்கள், தொடக்கத்தில் நீங்கள் பேசும்போது 'ஆதொ' முழுதாகவே இருக்கட்டும்.

## எப்போது ஆசிரியரிடம் போவது

மேலே உள்ளவற்றில் துணைவினை, வரிசை, கடைசி எழுத்து, ஆச்செ ஆகியவை தானாகச் சரிசெய்யக்கூடியவை. தினம் இரவில் அன்று செய்ததைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றிலும் இந்த நான்கையும் தேடினாலே போதும். இதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரு கதையில் எளிய வடிவத்துக்கும் தொடர்-வடிவத்துக்கும் நடுவே எதைப் போடுவது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தடுமாறினால் கதை வேறு. இரண்டும் இலக்கணப்படி சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடங்கள் அங்கே உண்டு. பிழைதிருத்தும் கருவிகள் அதைப் பிடிக்காது. நீங்கள் எழுதிய ஒரு பக்கக் கதையை எடுத்துக்கொண்டு, "இந்த இடத்தில் ஏன் இது?" என்று கேட்கும்படி தனி வகுப்புக்குப் போங்கள். வெறும் கையோடு போனால் மறுபடி அட்டவணைதான் கிடைக்கும்.

ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தெலெ' (DELE) என்ற ஸ்பானிஷ் சான்றிதழ்த் தேர்வை எழுதுகிறவர்கள் இன்னும் முன்னதாகவே போக வேண்டும். அதன் முதல் நிலையான ஏ1 வரை இந்த ஒற்றைக் கருவியோடு சமாளிக்கலாம். அடுத்த ஏ2 நிலையில் மூன்று இறந்தகாலமும் எதிர்பார்க்கப்படும், 'அயேர் எ கொமீதொ' அங்கே மதிப்பெண்ணைத் தின்னும். இந்தியாவில் அந்த நிறுவனத்தின் மையம் புது டெல்லியில் இருக்கிறது. தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே, போன விடுமுறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்கிப் பாருங்கள். சிவப்பு மை பெரும்பாலும் வினைச்சொற்களின் மேலேயே விழுந்திருந்தால் தேர்வுத் தேதியைத் தள்ளிப்போடுவது மலிவு.